மாமா நீட்டிய இடது கை

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். கொம்பும் காலும் இடம் மாறிக் கிடந்தால் படிக்கிறவர்கள் தள்ளிப் படித்துக்கொள்ளுங்கள். ஞாபகமும் முன்னே மாதிரி இல்லை. காலையில் மாத்திரை போட்டேனா என்று மத்தியானம் யோசிக்கிற நிலைமை. ஆனால் நான் சொல்லப்போவது மட்டும் எப்படியோ அழியாமல் இருக்கிறது.

என் தம்பியின் பேத்தி பள்ளிக்கூடத்தில் பேஸ்பால் ஆடுகிறாள். போன மாசியில் தஞ்சாவூரில் ஆட்டம் என்று என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் நாலு பேர் கூடுகிற இடத்தில் தண்ணீர்கூடக் கேட்டு வாங்கிக் குடிக்க மாட்டேன். மூலையில் ஒரு நாற்காலியில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் பிள்ளை ஓடிவரும்போது எதிர்க்கட்சிப் பெண் ஒருத்தி வழியில் வந்து நின்றுவிட்டாள். எல்லோரும் பந்தைப் பார்த்தார்கள். நான் நடுவரைப் பார்த்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. இடது கையை மட்டும் பக்கவாட்டில் நீட்டி, விரல்களை மடக்கிக் குத்துகிற மாதிரி வைத்துக்கொண்டு, ஆட்டத்தையே பார்த்தபடி நின்றார்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். "மறிப்பு" என்று என் வாய் கத்திவிட்டது.

தம்பி மருமகள் என் சேலையைப் பிடித்து இழுத்தாள். "அத்தை, உக்காருங்க. எல்லாரும் நம்மளையே பாக்குறாங்க."

ஆட்டம் ஓய்ந்ததும் நடுவர் எங்கள் பிள்ளையை அடுத்த இடத்துக்குப் போகச் சொல்லிக் கை காட்டினார். வீட்டுக்கு வந்ததிலிருந்து அந்தப் பிள்ளை என்னை விடவில்லை. எங்கள் கோச்சுக்கே இந்த விதி தகராறு, உங்களுக்கு எப்படித் தெரியும், எழுதிக் கொடுங்கள், ஆண்டு மலரில் போடுகிறோம் என்று நச்சரித்தாள். அதனால் எழுதுகிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கலாம். பூதலூருக்குத் தெற்கே எங்கள் ஊர். அப்பா பெரிய வீட்டில் பண்ணையாள். பெரிய வீடு என்றால் ஊரில் பாதி நிலம் யாருடையதோ அவர்கள் வீடு. நாங்கள் இருந்தது வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், தனித் தெரு.

அந்தக் கோடையில் என் மாமா, அம்மாவுக்குத் தம்பி, சிங்கப்பூரிலிருந்து வந்தார். ரயிலடியிலிருந்து அவர் பெட்டியை மாட்டுவண்டியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். பெட்டியோடு சாக்கில் சுற்றிய நீளமான ஒன்றும் வந்தது. பட்டு ஜரிகைத் துணியாக இருக்கும் என்று அம்மா நினைத்திருந்தாள். பிரித்தால் வழுவழுப்பான ஒரு மரக்கட்டை, ஒரு வெள்ளைப் பந்து, ஒற்றைக்கைக்கு மட்டும் ஒரு தோலுறை.

"ஏன்டா, கடல் தாண்டிப் போயி ஒலக்கையா வாங்கிட்டு வந்த? நம்ம வீட்டு ஒலக்கையே சும்மாதான கெடக்கு" என்றாள் அம்மா.

மாமாவுக்கு அங்கே பட்டாளத்துக்காரர்கள் விளையாடுகிற மைதானத்தில் புல் வெட்டி, சுண்ணாம்புக் கோடு போடுகிற வேலை. கப்பலில் வருகிற வெள்ளைக்காரர்கள் பேஸ்பால் ஆடுவார்களாம். எந்தக் கட்சியாள் நடுவராக நின்றாலும் மற்ற கட்சி அடிக்க வருமாம். கடைசியில், இரண்டு பக்கமும் சேராத ஆள் என்று கோடு போடுகிற மாமாவையே நடுவராக நிறுத்தி, விதியெல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டார்களாம்.

"வெள்ளக்காரனப் பாத்து வெளிய போடான்னு கை காட்டுன ஆளு இந்தத் தாலுக்காவுலயே நான் ஒருத்தன்தான்" என்பார். அப்பா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டே, "போனானா?" என்று கேட்பார். "போனானாவா? தொப்பியக் கழட்டிட்டுப் போனான் மச்சான்."

சம்பா அறுத்து, உளுந்தும் பறித்து, வயல்கள் வெடித்துக் கிடந்த நேரம். எங்கள் தெருப் பிள்ளைகளை வைத்து மாமா ஆட்டத்தை ஆரம்பித்தார். நாலு மூலை. மூன்று மூலையில் வைக்கோல் திணித்த சாக்கு. நாலாவது மூலையில் உடைந்த கதவுப் பலகை, அதுதான் வீடு. பந்தை அடித்துவிட்டு ஒவ்வொரு சாக்காக மிதித்துச் சுற்றி ஓடி வீட்டுப் பலகைக்கு வந்துவிட்டால் ஒரு புள்ளி. அதற்குள் பந்தைக் கையில் வைத்திருக்கிறவன் நம்மைத் தொட்டுவிட்டால் அவுட். இவ்வளவுதான் எனக்குப் புரிந்தது. இதற்குமேல் இருந்த விதிகளை மாமாவே சொல்லி மாமாவே மறுத்துக்கொள்வார்.

மூன்றே நாளில் பெரிய வீட்டுத் தெருப் பையன்களும் வாய்க்கால் கரையில் வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர்களுக்கு நடுவில் பெரிய வீட்டுச் சின்னையாவும் நின்றார். தஞ்சாவூரில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தவர், லீவுக்கு வந்திருந்தார். பதினாலு வயசுப் பையன்தான். ஆனாலும் எங்கள் தெருவில் நரைத்த தலைகள்கூட அவரைச் சின்னையா என்றுதான் கூப்பிடும். பார்த்துக்கொண்டே இருந்தவர், "நாங்களும் வரலாமா?" என்று கேட்டார். கேட்ட விதத்தில் ஒன்றும் குறை இல்லை. நல்ல பையன்தான். அதையும் எழுதிவிட வேண்டும்.

மாமா தலையைச் சொறிந்தார். பிறகு ஒரு சட்டம் போட்டார். "சுண்ணாம்புக் கோட்டுக்குள்ள வந்துட்டா ஐயாவும் கெடையாது, ஆளும் கெடையாது. நிக்கிற எடம்தான் பேரு. மொதச் சாக்கு, ரெண்டாஞ்சாக்கு, மூணாஞ்சாக்கு. சம்மதமா?"

சின்னையாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. அவர் மூணாஞ்சாக்கு ஆனார். யாராவது அப்படிக் கூப்பிட்டால் சிரித்துக்கொண்டு கை தூக்குவார். எங்களுக்குத்தான் கூப்பிட வாய் வரவில்லை. "மூணாஞ்சாக்குங்க" என்று கூப்பிட்டோம்.

மாமா கப்பலேறுகிற வாரம் வந்தது. மட்டையை இங்கேயே விட்டுவிட்டுப் போகிறேன் என்றார். யாரிடம் என்பதில் அடிதடி ஆகும்போல் இருந்தது. கடைசியாக ஒரு ஆட்டம், ஜெயிக்கிற தெருவுக்கு மட்டை என்று முடிவாயிற்று. சமமாக முடிந்தால், வயல் பெரிய வீட்டு வயல் என்பதால், மட்டை அவர்களுக்கு. அந்த மட்டையின் மேல் எனக்கு இருந்த ஆசையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ராத்திரி மாமா தூங்கினபிறகு அதை எடுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன்.

ஆட்டத்தன்று எங்கள் பக்கம் ஒரு பையனுக்குக் காய்ச்சல். ஆள் குறைந்தது. "இவ ஓடுவா" என்று மாமா என்னைத் தள்ளிவிட்டார். அதில் பொய் இல்லை. மத்தியானம் அப்பாவுக்குக் கஞ்சிக் கலயம் தூக்கிப்போகிறவள் நான். வரப்பின்மேல் ஒரு சொட்டுச் சிந்தாமல் ஓடுவேன்.

வரப்பு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த வயல் அகலம் பற்றாது. அதனால் இரண்டாம் சாக்கிலிருந்து மூன்றாம் சாக்குக்குப் போகிற வழி வரப்பின் மேலேயே அமைந்துவிட்டது. ஒரு பக்கம் வயல். ஒரு பக்கம் தண்ணீர் வற்றிய வாய்க்கால். ஓடுவதற்கு ஒரு ஆள் அகலம்தான் இருந்தது.

ஆட்டத்துக்கு முன்னால் மாமா எல்லோரையும் உட்காரவைத்து மறிப்பு என்றால் என்ன என்று சொன்னார். "கையில பந்து இல்லாதவன் ஓடுறவன் வழியில நிக்கக் கூடாது. நின்னா மறிப்பு. ஓடுறவனத் தொடறதுக்குப் பந்து வரும்போது மறிச்சா, அப்பவே ஆட்டத்த நிறுத்திட்டு அடுத்த சாக்கு குடுத்துடுவேன். பந்து வேற எங்கயோ கெடக்கும்போது மறிச்சா நிறுத்த மாட்டேன். இந்த எடது கைய இப்படி நீட்டிக்கிட்டே நிப்பேன். ஆட்டம் ஓயட்டும். ஓஞ்சப்புறம், மறிக்காம இருந்திருந்தா அவன் எங்க போயிச் சேந்திருப்பானோ, அங்க கொண்டுபோயி நிறுத்துவேன்."

"கை வலிக்காதா மாமா?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள்.

ஆட்டம் தொடங்கியது. வரப்பெல்லாம் ஆட்கள். எங்கள் தெருப் பெண்கள் இடுப்புக் குழந்தையோடு நின்றார்கள். பெரிய வீட்டு நிலபுலத்தைப் பார்த்துக்கொள்கிற காரியக்காரர் குடையை ஊன்றிக்கொண்டு எதிர்க்கரையில் நின்றார். மாமா தோய்த்துக் காயவைத்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். நடுவர் நம்ம ஆள், நமக்கு ரெண்டு தள்ளிக் கொடுப்பார் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அவர் நேர்மாறாக இருந்தார். எங்களில் தவக்களை என்று ஒரு பையன், குண்டாக இருப்பான், முதல் சாக்கில் நின்றவன். பந்து அவனிடம் வந்துகொண்டிருக்கும்போதே, கைக்குச் சேருமுன் வழியில் உட்கார்ந்துவிட்டான். ஓடிவந்தவன் அவன்மேல் மோதி உருண்டான். மாமா உடனே ஆட்டத்தை நிறுத்தி, அவர்களுக்கு ஒரு சாக்கு தூக்கிக்கொடுத்தார்.

"சொந்தத் தெருவுக்கே வேட்டு வக்கிறியே, நீ வெளங்குவியா?" என்று வரப்பிலிருந்து ஒரு கிழவி கேட்டாள்.

"சட்டையப் போட்டுட்டேன் ஆத்தா. இனிமே எனக்குத் தெரு கெடையாது" என்றார் மாமா.

கடைசி முறை. புள்ளி சமம். எங்களில் ஒருவர்தான் பாக்கி. அது நான். நான் அவுட் ஆனால் ஆட்டம் சமம், மட்டை அவர்களுக்கு. தவக்களை என்னிடம் வந்து, "கண்ண மூடிக்கிட்டு அடிச்சிராத" என்றான். பந்து வந்தது. கண்ணை மூடிக்கொண்டுதான் அடித்தேன்.

சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தால் பந்து எல்லோர் தலைக்கும் மேலே போகிறது. மதகுப் பக்கத்தில் கருவேலம்புதரில் விழுந்தது. "ஓடு, ஓடு" என்று எங்கள் தெருவே கத்தியது. ஓடினேன். முதல் சாக்கை மிதித்தேனா தாண்டினேனா தெரியாது. பாவாடையைச் சுருட்டிச் செருகிக்கொண்டு இரண்டாம் சாக்கையும் மிதித்து வரப்பில் ஏறினேன். வரப்பு என் இடம். அங்கே என்னைப் பிடிக்க ஆள் கிடையாது. அவர்கள் பையன்கள் புதரில் முள்ளோடு போராடிக்கொண்டிருந்தார்கள். பந்து இன்னும் கைக்குக் கிடைக்கவில்லை. வீடுவரை போய்விடலாம். எனக்கே தெரிந்தது. மட்டை எனக்குத்தான்.

அப்போது வரப்பின் நடுவில் சின்னையா நின்றார்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. புதர்ப் பக்கம் பார்த்து, "எறி, எறி" என்று கை நீட்டிக்கொண்டு நின்றார். என்னை இறங்கு என்று சொல்லவில்லை. முறைக்கவில்லை. நின்றார், அவ்வளவுதான். நான் ஓடுகிற வேகத்தில், யோசனை எதுவும் இல்லாமல், வரப்பை விட்டு வாய்க்காலுக்குள் இறங்கினேன். இறங்கி, ஒதுங்கி நின்று, தலையைக்கூடக் கொஞ்சம் குனிந்தேன். பெரிய வீட்டு ஆட்கள் வரப்பில் வந்தால் நாங்கள் அப்படித்தான் செய்வோம். நடக்கப் பழகும்போதே அதையும் பழகிவிடுவோம். அவர் கடந்து போவதற்காக நான் காத்து நின்றேன். அவர் எங்கே போவார்? அவர் மூணாஞ்சாக்கு.

"ஏறுடி. ஏறி ஓடு" என்று தவக்களை அலறினான். அப்போதுதான் சுரணை வந்தது. அவருக்கு அந்தப் பக்கமாகக் கரையில் தொற்றி ஏறி, மூன்றாம் சாக்கை மிதித்து, வீட்டைப் பார்த்து ஓடினேன். பின்னால் பந்து வருகிற சத்தம். பலகைக்கு ஒரு முழம் இருக்கும்போது அவர்கள் பையன் ஒருவன் என் முதுகில் பந்தை வைத்து அழுத்தினான். நான் குப்புற விழுந்தேன்.

"அவுட்" என்று பெரிய வீட்டுத் தெரு முழுக்கக் குதித்தது. ஒருவன் ஓடிப்போய் மட்டையைத் தூக்கிக்கொண்டான். வாயெல்லாம் மண்ணோடு நான் தலையைத் தூக்கினேன். மாமா அசையாமல் நின்றார். அவருடைய இடது கை பக்கவாட்டில் நீண்டு, விரல்கள் மடங்கி இருந்தது. எப்போதிலிருந்து அப்படி நின்றாரோ தெரியாது.

"மட்டையக் கீழ வைங்க" என்றார் மாமா. "மறிப்பு."

உடனே ஒரேயடியாகப் பேச்சு. முன்னே தவக்களைமேல் மோதினார்கள், அது மறிப்பு, இப்போது யார் யாரை இடித்தது என்று அவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நானே அப்படித்தான் நினைத்தேன்.

"இடிச்சாலும் மறிப்பு, இடிக்காட்டியும் மறிப்பு" என்றார் மாமா. "பந்து புதருல கெடந்துச்சு. வழி ஓடுறவளுது. அவ ஓட்டம் மாறிச்சா இல்லையா, அதத்தான் நான் பாக்கணும்."

"அவளா எறங்குனா. யாரும் எறங்கச் சொல்லல" என்றான் ஒருவன்.

"அதான் கேக்குறேன். ஏன் எறங்குனா?"

எதிர்க்கரையில் காரியக்காரர் குடையை ஊன்றிய இடத்திலிருந்து எடுத்தார். அப்பா கூட்டத்திலிருந்து வந்து மாமா பக்கத்தில் நின்றார். மெதுவாகத்தான் பேசினார், ஆனால் கீழே கிடந்த எனக்குக் கேட்டது. "மாப்ள, விட்டுரு. புள்ள தெரியாம எறங்கிருச்சு. நீ ரெண்டு நாள்ல கப்பலேறிருவ. நான் விடிஞ்சா அந்த வாசல்ல போயி நிக்கணும்."

மாமா அப்பாவைப் பார்த்தார். கை இறங்கவில்லை. பிறகு சின்னையாவைப் பார்த்தார். "மூணாஞ்சாக்கு, நீங்களே சொல்லுங்க. அவ ஏன் எறங்குனா?"

சின்னையா முகம் சிவந்துவிட்டது. காலால் வரப்பு மண்ணைத் தேய்த்தார். என்னைப் பார்த்தார், வாய்க்காலைப் பார்த்தார். இதுவரை அதைப் பற்றி நினைத்தே பார்க்காத மாதிரி இருந்தது அவர் முகம்.

"நான் நின்னேன். அதனால" என்றார்.

"அவ்வளவுதாங்க" என்றார் மாமா. வலது கையால் என்னைத் தூக்கி நிறுத்தி, அந்த ஒரு முழத்தை நடத்திக் கூட்டிப்போய்ப் பலகைமேல் நிற்கவைத்தார். அதற்குப் பிறகுதான் இடது கையைக் கீழே விட்டார். "மறிக்காம இருந்தா இவ இங்கதான் இருந்திருப்பா. புள்ளி."

அதன்பிறகு நடந்தது எதுவும் வரிசையாக ஞாபகமில்லை. தவக்களை என்னைத் தூக்கிச் சுற்றினான், கீழேயும் போட்டான். அந்தக் கிழவி என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். சின்னையாவே மட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். நான் அதைத் தோளில் சாய்த்துக்கொண்டேன். அன்றைக்கு என்னைவிடப் பெரிய ஆள் ஊரில் இல்லை என்று நினைப்பு எனக்கு.

பொழுது சாயும்போது வீட்டுக்குத் திரும்பினோம். முன்னால் அப்பா, பிறகு அம்மா, பிறகு மட்டையோடு நான், கடைசியில் மாமா. அதே வரப்புதான். நான் அடித்த அடியைப் பற்றி நானே பேசிக்கொண்டு வந்தேன். எதிரே பெரிய வீட்டு ஐயா வந்தார், சின்னையாவின் அப்பா. காரியக்காரர் பின்னால் வந்தார்.

அப்பா வாய்க்காலில் இறங்கினார். அம்மா இறங்கினாள். நானும் மட்டையோடு இறங்கினேன். திரும்பிப் பார்த்தால் மாமாவும் எனக்குப் பின்னால் இறங்கி நின்றார்.

"ஜெயிச்சிட்டீங்களாமே" என்றார் ஐயா. கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"புள்ளைங்க வெளையாட்டுங்க" என்றார் அப்பா.

"நல்ல வெளையாட்டு. அந்தக் கட்டைய நாளைக்கு வீட்டுல குடுத்துரு. எங்க தம்பி லீவுல வச்சு ஆடட்டும்."

"சரிங்க" என்றார் அப்பா.

ஐயா போனார். நான் மட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கேட்டது சரிதானா என்று மாமாவிடம் கேட்கத் திரும்பினேன். ஐயா போன திசையைப் பார்த்தபடி மாமா வாய்க்காலுக்குள்ளேயே நின்றார். அவருடைய இடது கை பக்கவாட்டில் நீண்டிருந்தது. விரல்கள் மடங்கியிருந்தன.

எனக்கு முட்டிக்கொண்டு வந்த அழுகை போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. "மாமா, ஆட்டம் எப்பவோ முடிஞ்சிருச்சு" என்றேன். ஆட்ட ஞாபகத்தில் கையை இறக்க மறந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். அம்மாவும் சிரிப்பாள் என்று பார்த்தேன். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். அப்பா குனிந்து காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் தட்டினார். இத்தனைக்கும் அது காய்ந்த வாய்க்கால்.

மறுநாள் காலையில் மட்டை போயிற்று. அந்த வாரமே மாமாவும் போய்விட்டார். நான் மட்டைக்காகத்தான் அழுதேன்.

இனி இதைப் படிக்கிறவர்களிடம் ஒரு கோரிக்கை. ஆட்ட விதி தெரிந்த யாராவது, அந்தத் தஞ்சாவூர் நடுவரே ஆனாலும் சரி, நான் எழுதியதைச் சரிபார்த்துச் சொல்ல வேண்டும். கை இடது கைதானா? இடிக்காமல் நின்றாலே மறிப்புத்தானா? ஓடுகிறவள் தானாக இறங்கினாலும் அது செல்லுமா? எல்லாவற்றையும்விட, ஆட்டம் ஓயும்வரை நடுவர் கையை நீட்டிக்கொண்டே நிற்கலாம் என்று மாமா சொன்னாரே, அதற்கு விதியில் ஏதாவது கெடு இருக்கிறதா? அதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.